'பழுக்கக் காய்ச்சு' எப்படி நல்லா வந்திருக்கும்

ஷட்டர் பட்டறைக்குள்ள வந்து "ரம்பம் எங்க?"ன்னு கேட்டா, மரம் அறுக்குற ரம்பத்தை யாரும் காட்ட மாட்டாங்க. மூலையில நெருப்புப் பொறிக்கு நடுவுல குந்திக்கிட்டு இரும்புப் பட்டையை அறுத்துக்கிட்டு இருக்குற ஆளைத்தான் கை காட்டுவாங்க. இரும்பு அறுக்குறதுனால வந்த பேருன்னு அவன் நம்பிக்கிட்டு இருந்தான். எதிர்ல நிக்கிறவனைப் பேசிப் பேசி அறுக்குறதுனால வந்த பேருன்னு அவனைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

அந்த ஆளு ஞாயித்துக்கிழமையானா கிட்டாரைத் தூக்குவான். ஹெவி மெட்டல். அது என்னன்னு தெரியாதவங்க, ஒரு தண்ணி லாரியை மொட்டை மாடியிலேர்ந்து உருட்டி விட்டு, அது விழுற சத்தத்துக்குத் தாளம் போட்டா எப்படி இருக்கும்னு நெனச்சுக்கோங்க. அதுல ஒரு சொகம் இருக்கு. பழகிட்டவன் விட மாட்டான்.

பேண்டு பேரு துருப்பல். மொத்தம் நாலு பேரு. கிட்டாருக்கு ரம்பம். பேஸ் கிட்டாருக்கு அவன் பொண்டாட்டியோட தம்பி. செல்போன் ரிப்பேர் கடை வச்சிருந்தவன். ரம்பம் அவனை மாப்ளன்னு கூப்பிட்டதால ஊருக்கே மாப்ள ஆயிட்டான். பாடுறதுக்குக் கரடி. பகல் முழுக்க பஸ் ஸ்டாண்டு மைக்ல, வெண்ணெய் தடவுன குரல்ல, எந்த பஸ் எப்ப கெளம்பும்னு சொல்ற வேலை அவனுக்கு. ஞாயித்துக்கிழமை அதே தொண்டையில உறுமுனான்னா வெளிய நிக்கிற பைக்கெல்லாம் தானா ஸ்டார்ட் ஆகும். டிரம்ஸுக்கு ஒரு பல் டாக்டரு. வாரம் பூரா அடுத்தவன் வாய்க்குள்ள பூப்போல வேலை பாத்த கோவத்தையெல்லாம் மனுஷன் டிரம்ஸ் மேல எறக்குவாரு.

ஆல்பம் போடணும்னு பேச்சு ஆரம்பிச்சப்ப ரம்பத்துக்கு இடுப்பு வரைக்கும் முடி இருந்துச்சு. முடி போச்சு. பேச்சு போகல. பட்டறைக்குப் பின்னாடி பழைய தகடு போட்டு வைக்கிற ரூமை முதலாளி கையக் காலைப் பிடிச்சு வாங்கி, சுவத்துல முட்டை அட்டை ஒட்டி, ஓட்டை டிரம்ஸை வெல்டு வச்சு ஒட்டி, பேண்டை இழுத்துக்கிட்டு வந்தவன் அவன்தான்.

"ஊரு முழுக்க நான் செஞ்ச கதவுதான்டா தொங்குது. ஒண்ணுலயாவது என் பேரு இருக்கா? முதலாளி பேரைத்தான் பெயின்ட்ல எழுதுறானுங்க. இந்த ஒண்ணுலயாவது என் பேரு இருக்கட்டும்"னு சொல்லுவான். அதைச் சொல்லும்போது மட்டும் அவன் யாரையும் அறுக்குற மாதிரி இருக்காது. கரடி கூட வாயை மூடிக்குவான்.

ஆல்பத்துக்குப் பேரு 'பழுக்கக் காய்ச்சு'. டாக்டரு வீட்டுக் கம்ப்யூட்டரைத் தூக்கிட்டு வந்து, ஒவ்வொருத்தர் வாசிச்சதையும் தனித்தனியா பதிஞ்சாங்க. ரம்பம் வாசிச்ச வாசிப்பு இருக்கே, பொய் சொல்லக் கூடாது, இரும்பே எழுந்து நின்னு கும்பிடும். கரடி உறுமுனதுல முட்டை அட்டை ரெண்டு உதிர்ந்துச்சு. டாக்டரு டிரம்ஸ் ஸ்டாண்டுல சின்னதா ஒரு பித்தளை சமாச்சாரத்தைத் தொங்க விட்டு, கடைசி பாட்டுல நடு நடுவே அதைக் கம்பியால தொட்டுத் தொட்டு எடுத்தாரு. ஏதோ அழகுக்குத் தொங்குது, ஆடாம இருக்கத் தொடுறாருன்னு ரம்பம் நெனச்சுக்கிட்டான்.

பதிஞ்சது வரைக்கும் எல்லாம் தங்கம். அதுக்கப்புறம்தான் மிக்ஸிங். தனித்தனியா இருக்குற சத்தத்தையெல்லாம் ஒண்ணாச் சேத்து, எது தூக்கலா இருக்கணும் எது அமுங்கணும்னு பாக்குற வேலை. சமையல்ல உப்பு பாக்குற மாதிரி. யாரோ ஒருத்தர் நாக்கை நம்பித்தான் ஆகணும்.

"உப்பு நான்தான் பாப்பேன்"னான் ரம்பம். "காதுன்னா என் காது. கேட்டுட்டே வளந்த காது."

அந்தக் காதைப் பத்தி அவன் வீட்டுல கேட்டிருந்தா கதையே வேற. பட்டறையில சேந்த நாள்லேர்ந்து காதுல ஒரு பஞ்சு கூட வைக்காம கட்டிங் மெஷின் பக்கத்துல உக்காந்தவன். வீட்டுல ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து போட்டுட்டு போயிருவான். அது கீ கீன்னு அழுது அழுது தொண்டை வத்திப் போகும். இவன் பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிப்பான். போன் அடிச்சா எடுக்க மாட்டான். "இந்தக் காலத்துல யாரும் வாயைத் தொறந்து பேசுறதே இல்ல, எல்லாரும் முணுமுணுக்குறானுங்க"ன்னு குத்தம் சொல்லுவான். ஒரு நாள் காலையில, "நம்ம தெருவுல குருவியெல்லாம் செத்துப் போச்சு. செல்போன் டவருதான் காரணம்"னு பொண்டாட்டிகிட்ட பெருமூச்சு விட்டான். அவ தையல் மெஷினை நிறுத்திட்டு ஜன்னலைப் பாத்தா. குருவி அங்க ஒரு கல்யாணக் கூட்டமே நடத்திக்கிட்டு இருந்துச்சு. சரி, டவரையே திட்டட்டும், நம்மளைத் திட்டாம இருந்தா போதும்னு விட்டுட்டா.

மிக்ஸிங் நடந்த ஞாயித்துக்கிழமையெல்லாம் அந்த ரூம்ல மத்த மூணு பேரும் பட்ட பாடு ஜென்மப் பகையாளிக்கும் வேண்டாம்.

"டாக்டரே, சிம்பல் எங்க? தட்டு எங்க? பல்லுக்குப் பஞ்சு வைக்கிற மாதிரி தட்டியிருக்கீங்க. ஒண்ணுமே வரலயே!"

"வருதுண்ணே. நல்லாவே வருது."

"எங்க வருது? பக்கத்து ஊர்லயா?" திருகைத் திருப்பி ட்ரெபிளை, அதாவது மெல்லிசு சத்தத்தை, ஏத்துனான். சிம்பல் சத்தம் கத்தி மாதிரி வந்து மூணு பேர் காதுலயும் சொருகுச்சு. கரடி துண்டை எடுத்துத் தலையச் சுத்திக் கட்டிக்கிட்டான். வாசல்ல படுத்திருந்த நாய் எந்திரிச்சுப் போச்சு. போனதுதான், அந்தப் பக்கமே வரல.

"இப்பதான் லேசா எட்டிப் பாக்குது"ன்னு ரம்பம் இன்னும் ஏத்துனான்.

மாப்ளதான் வாயைத் தொறந்தான். "மாமா, கொஞ்சம் கூர்மையா இல்ல?"

"கூர்மையா இல்லாம? இது என்ன தாலாட்டா? உனக்கு மழுங்கலா வேணும்னா போய் செல்போன்ல ரிங்டோன் கேளு."

"இல்ல மாமா, எனக்குக் காது வலிக்குது."

"பழகிரும். எனக்கு வலிக்குதா பாரு."

அதுக்கு மேல யார் பேசுறது? ரூம் அவனோடது, பேண்டு அவனோடது. முன்னாடி பேஸ் வாசிச்சவன் "உங்க கிட்டார் கொஞ்சம் நீளமாப் போகுதுண்ணே"ன்னு ஒரு வார்த்தை சொன்னதுக்கு, அவன் செருப்பு கூட வெளிய வந்து விழுந்த கதை எல்லாருக்கும் தெரியும். மூணு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு, "சூப்பர்ணே"ன்னு சொல்லிட்டுத் தலைவலி மாத்திரை வாங்கப் போனாங்க.

ஆல்பம் வெளியீட்டுக்கு ஒரு சின்ன ஹால் எடுத்தாங்க. கூட்டம் கொஞ்சம்னாலும் வந்தவனெல்லாம் மெட்டலுக்கு உசிரைக் குடுக்குறவன். ரம்பம் இஸ்திரி போட்ட கறுப்புச் சட்டையில மேடையில நின்னான். அட்டையில பேரு போட்டிருந்துச்சு: கிட்டார், இசை, மிக்ஸிங், மூணுக்கும் அவன் பேரு. பாட்டைப் போட்டாங்க. முதல் சிம்பல் விழுந்ததும் முன் வரிசையில உக்காந்தவன் எலுமிச்சம்பழத்தைத் தோலோட கடிச்ச மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டான். ரெண்டாவது பாட்டுல பாதிப் பேருக்கு ஒரே நேரத்துல போன் வந்துச்சு. ரம்பம் பொண்டாட்டி துணி ஊற வச்சது ஞாபகம் வந்துருச்சுன்னு எந்திரிச்சுப் போனா. கடைசி பாட்டு வரும்போது ஹால்ல இருந்தது பேண்டு, ஹால் வாச்மேன், ஃபேன்.

அப்புறம் நெட்ல எழுத ஆரம்பிச்சாங்க. தகரத்துல ஆணியால கிறுக்குன மாதிரி இருக்குன்னு ஒருத்தன். பாட்டு நல்ல பாட்டுதான், அதை எதுக்கு கொதிக்கிற எண்ணெயில போட்டு எடுத்தீங்கன்னு ஒருத்தன். பல் கூசுதுன்னு ஒருத்தன். அவன் டாக்டரோட பேஷன்ட்டு, அடுத்த வாரமே வந்து பல்லைக் காட்டிட்டுப் போனான்.

டாக்டருக்கு மனசு கேக்கல. ஒரு ஞாயித்துக்கிழமை பென் டிரைவோட வந்தாரு. "அண்ணே, நானே வீட்டுல கொஞ்சம் மாத்திப் பாத்தேன். கேட்டுட்டு சொல்லுங்க."

ரம்பம் கேட்டான். முதல் பாட்டு பாதியில கையத் தூக்குனான்.

"என்ன டாக்டரே இது? நாம நாலு பேரும் போர்வைக்குள்ள உக்காந்து வாசிச்ச மாதிரி இருக்கு. சிம்பலையே காணோம்."

"அண்ணே, இதுதான் அது இருக்க வேண்டிய..."

"இதை வெளிய விட்டா என் பொணத்தைத் தாண்டித்தான் விடணும்." பென் டிரைவை உருவி, வெட்டி மிச்சமான தகடு கிடக்குற டப்பாவுல போட்டான். டாக்டரு டிரம்ஸ் குச்சியைப் பைக்குள்ள வச்சுக்கிட்டாரு. அன்னைக்கோட ஞாயித்துக்கிழமை நின்னு போச்சு.

அப்புறம் ரம்பத்துக்கு ஒரே வேலை. அந்த ஆல்பம் எப்படி நல்லா வந்திருக்கும்னு ஊருக்கு உபதேசம் பண்றது. வெல்டு வைக்கிறவன், பெயின்ட் அடிக்கிறவன், தகடு எறக்க வந்த லாரி டிரைவர், யாரையும் விடல.

"டாக்டரு ஓங்கி அடிச்சிருக்கணும். பயந்து பயந்து தட்டுனாரு. அதான் நான் ட்ரெபிள் ஏத்த வேண்டியதாப் போச்சு. கரடி இருக்கானே, நாலாவது பாட்டுல அவன் வார்த்தையே புரியல, வாய்க்குள்ள பஞ்சு மிட்டாயை வச்சுக்கிட்டு பாடியிருக்கான். மாப்ளையக் கேக்கவே வேண்டாம். எல்லாத்துக்கும் மேல கேக்குறவனுக்குக் காது சரியில்ல. நல்லதைக் கேட்டுப் பழக்கமில்ல."

லாரி டிரைவர் பாவம், தகடு எறக்கிட்டுக் கெளம்பலாம்னு வந்தவன், கரடியோட மூச்சு வாங்குற முறையைப் பத்தி முழுசாக் கேட்டுட்டுத்தான் போனான். மாப்ள வீட்டுக்கு வந்தா ரம்பம் எந்திரிச்சுக் கொல்லைப் பக்கம் போயிருவான். நடுவுல பொண்டாட்டி மாட்டிக்கிட்டா. புருஷனுக்கு ஒரு தட்டு, தம்பிக்கு ஒரு தட்டு, வேற வேற நேரத்துல.

ஒரு வருஷம் போல ஓடுச்சு. பட்டறைக்குப் பெரிய கம்பெனி ஒண்ணு ஆர்டர் குடுத்துச்சு. குடுக்கும்போதே, வேலை பாக்குற எல்லாருக்கும் காது, கண்ணு, நெஞ்சு செக் பண்ணணும்னு சொல்லிருச்சு. வேன் ஒண்ணு வந்து நின்னுச்சு. உள்ள ஐஸ் பொட்டி மாதிரி ஒரு சின்ன ரூம், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பொண்ணு.

"ஹெட்போன் மாட்டிக்கோங்க சார். சத்தம் கேட்டா இந்த பட்டனை அமுக்குங்க. எவ்வளவு சின்னதா கேட்டாலும் அமுக்கணும்."

"நான் மியூசிக்ல இருக்கேன்மா. எனக்கு இதெல்லாம் ஜுஜுபி."

உக்காந்தான். கண்ண மூடிக்கிட்டான். முதல்ல பூம் பூம்னு நாலஞ்சு வந்துச்சு, டக்கு டக்குனு அமுக்குனான். அதுக்கப்புறம் அமைதி. பாவம் மெஷின்ல ஏதோ கோளாறு போலன்னு காத்துக்கிட்டு இருந்தான். ஏசி குளிர் இதமா இருந்துச்சு. கொஞ்சம் தூக்கம் கூட வந்துச்சு. கண்ணத் தொறந்து பாத்தா அந்தப் பொண்ணு கண்ணாடி வழியா இவனையே பாத்துக்கிட்டு இருந்தா.

"என்னம்மா, மிச்சத்தைப் போட மாட்டியா?"

அந்தப் பொண்ணு ரூம் கதவைத் தொறந்துட்டு வந்து, பக்கத்துல குனிஞ்சு, உரக்கச் சொன்னா. "எல்லாம் போட்டாச்சு சார்."

ஒரு பேப்பர்ல கோடு போட்டுக் காட்டுனா. இந்தப் பக்கம் தடியான சத்தம், அந்தப் பக்கம் மெல்லிசான சத்தம். இவன் கோடு கொஞ்ச தூரம் நேராப் போயிட்டு, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவத்தைத் தாண்டிக் குதிச்ச மாதிரி கீழ விழுந்திருந்துச்சு.

"இந்தப் பக்கம் இருக்குறதெல்லாம் உங்களுக்கு ரொம்ப வருஷமாவே கேக்கல சார். குருவி சத்தம், போன் மணி, இந்த ஸ், ஷ் மாதிரி எழுத்து..."

"சிம்பல்?"

"அப்படின்னா சார்?"

"ஒண்ணுமில்லம்மா."

கம்பெனி அன்னைக்கே எல்லாருக்கும் காதுக்கு மூடி குடுத்துச்சு. ஹெட்போன் மாதிரி மஞ்சக் கலர்ல பளபளன்னு. ரம்பமும் கையெழுத்துப் போட்டு வாங்குனான். எரிஞ்சு முடிஞ்ச வீட்டுக்கு வாளி குடுத்த மாதிரி அதைக் கையில வச்சுக்கிட்டு நின்னான்.

வீட்டுக்கு வந்தான். நேரா ஜன்னல்கிட்ட போனான். அவனே வெல்டு வச்ச கம்பியில நாலு குருவி உக்காந்திருந்துச்சு. வாயைத் தொறந்து தொறந்து மூடுச்சு. சினிமாவுல சவுண்டை நிறுத்துன மாதிரி.

"இதுங்க கத்துதா?"ன்னு கேட்டான்.

தையல் மெஷினை நிறுத்திட்டுப் பொண்டாட்டி பாத்தா. "தெனமும் கத்துதுங்க. இதுக்கு மேல என்னால தாங்க முடியாதுங்கற அளவுக்குக் கத்துது."

"ஏன்டி சொல்லல?"

"டவருதான் கொன்னுச்சுன்னு நீங்க அவ்ளோ உறுதியாச் சொன்னீங்க."

கட்டில்ல உக்காந்தான். பேப்பரை அவகிட்ட நீட்டுனான். அவளுக்கு அந்தக் கோடு புரியல. ஆனா அவன் மூஞ்சி புரிஞ்சுச்சு.

"அன்னைக்கு ஹால்லேர்ந்து துணி ஊற வச்சேன்னு போனியே..."

"அன்னைக்குத் துணியே இல்லங்க."

"அவ்ளோ மோசமா?"

"காதுல ஊசியக் குத்துன மாதிரி இருந்துச்சு. விடுங்க. டாக்டரு பண்ணுனதுதான் நல்லா இருக்கே, அதைக் கேட்டுட்டுத்தான் நான் தைக்கவே..." பாதியில நிறுத்திட்டா. நிறுத்துனது லேட்டாயிருச்சு.

"டாக்டரு பண்ணுனது தகடு டப்பாவுலல்ல கிடக்குது?"

அவ மெதுவா மெஷின் மேஜை டிராயரைத் தொறந்து போனை எடுத்தா. பாட்டு வரிசை முழுக்க 'பழுக்கக் காய்ச்சு'. டாக்டருகிட்டேர்ந்து வாங்கி மாப்ள போட்டுக் குடுத்தது. கரடிகிட்ட இருந்துச்சு. பெயின்ட் அடிக்கிறவன்கிட்ட இருந்துச்சு. பட்டறை முதலாளிகிட்ட கூட இருந்துச்சு. ரம்பம் உபதேசம் பண்ணும்போதெல்லாம் தலையாட்டுன பாதிப் பேரு, அவன் போனதும் அதே ஆல்பத்தை, நல்ல ஆல்பத்தை, போட்டுக் கேட்டுருக்கானுங்க. ஊர்ல அது இல்லாத ஒரே ஆளு அதைப் போட்ட ஆளுதான்.

ரம்பம் சட்டையக் கூட மாத்தாம மாப்ள கடைக்குப் போனான். கடைங்கறது ஒரு அலமாரி அகலம்தான். மாப்ள ஒரு போனோட வயித்தைக் கிழிச்சு வச்சுக்கிட்டு உள்ள பாத்துக்கிட்டு இருந்தான். மாமாவைப் பாத்ததும் ஸ்குரூ டிரைவர் கீழ விழுந்துச்சு. ரம்பம் பேப்பரைக் கண்ணாடி மேஜை மேல வச்சான்.

"எனக்குக் காது இல்லடா."

"தெரியும் மாமா."

"எல்லாருக்கும் தெரியும். என்னைத் தவிர. ஏன்டா சொல்லல?"

"சொன்னேன் மாமா. வலிக்குதுன்னு சொன்னேன். பழகிரும்னீங்க."

ரம்பம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தான். உலகத்துலயே முதல் முறையா அவன் பேசாம இருந்ததைப் பாத்து மாப்ளைக்குப் பயமாப் போச்சு.

"டாக்டரு பண்ணுனதை வெளிய விடச் சொல்லு"ன்னான் கடைசியா. "மிக்ஸிங்ல என் பேரை எடுத்துறச் சொல்லு."

மாப்ள தலையக் குனிஞ்சுக்கிட்டான். "அது... எடுத்தாச்சு மாமா."

"எப்ப?"

"அப்பவே. டாக்டரு பேரு போட்டு அட்டையே ரெடியா இருக்கு. கிட்டார்ல உங்க பேரு இருக்கு மாமா. பெருசாவே போட்டிருக்கோம்."

"பெருசா போடு. காது கேக்காதவனுக்கு எழுத்தாவது பெருசா இருக்கட்டும்."

வெளிய விட்டாங்க. முதல் ஆல்பம் விழுந்த எடத்துல இது எழுந்து நடந்துச்சு. ஓடல. ஒரு தடவை விழுந்ததை யாரும் மறக்கல, பாதிப் பேரு கேக்காமலே கேலி பண்ணுனானுங்க. கேட்டவன் நல்லா எழுதுனான். மாப்ள அதையெல்லாம் கடையில உக்காந்து படிச்சுக் காட்டுவான். முதல் தடவை மிக்ஸிங் பண்ணுனவனைத் தேடிப் பிடிச்சு உதைக்கணும்னு ஒருத்தன் எழுதுனதை மட்டும் தாண்டிட்டுப் போகப் பாத்தான். ரம்பம் எட்டிப் பாத்துப் படிச்சுட்டான். "அட்ரஸ் குடு அவனுக்கு. வரட்டும்."

அப்புறம் ஒண்ணு. கடைசி பாட்டுல வர்ற அந்தச் சின்ன மணி சத்தம் உசிரையே உருவுதுன்னு ஒருத்தன் எழுதியிருந்தான். அடுத்தவனும் மணியைப் பத்தி எழுதியிருந்தான். அதுக்கடுத்தவனும்.

"எந்த மணி?"

"கடைசி பாட்டு மாமா. டாக்டரு அடிக்கிறது."

"என் பாட்டுல மணி இருக்கா?"

"முதல் நாள்லேர்ந்து இருக்கு மாமா. ஸ்டாண்டுல தொங்குமே."

ரம்பம் ரொம்ப நேரம் சுவத்துல மாட்டியிருந்த போன் கவரையெல்லாம் ஒண்ணொண்ணாப் பாத்துக்கிட்டு இருந்தான். அப்புறம் சொன்னான். "போடு."

மாப்ள ஸ்பீக்கர்ல போட்டான். ரம்பத்துக்கு அதே போர்வைதான். போர்வைக்குள்ள அவன் கிட்டார், அவன் பாட்டு, தூரத்துல கரடி. "மணி வரும்போது விரலைத் தூக்குடா"ன்னு சொல்லிட்டு மாப்ள கையையே பாத்தான். கண்ணாடிப் பொட்டிக்குள்ள உக்காந்திருந்த மாதிரியே உக்காந்திருந்தான், கையில பட்டன் மட்டும் இல்ல.

மாப்ள விரலைத் தூக்குனான். ரம்பம் தலையாட்டுனான். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி தூக்குனான். மறுபடி தலையாட்டுனான். எந்த எடத்துல வருதுன்னு அவனுக்குப் புரிஞ்சு போச்சு. அவன் கிட்டாரை இழுத்து நிறுத்துற ஒவ்வொரு எடத்துலயும், அவன் விட்ட இடைவெளிக்குள்ள, டாக்டரு அத்தனை நாளா பதில் சொல்லிக்கிட்டு இருந்திருக்காரு.

பாட்டு முடிஞ்சுச்சு. மாப்ள கண்ணு கலங்கிப் போய் மாமா என்ன சொல்லப் போறாரோன்னு பாத்தான்.

ரம்பம் எந்திரிச்சு, பேன்ட்டைத் தட்டி விட்டுக்கிட்டு, வாசல் வரைக்கும் போய்த் திரும்புனான்.

"இருந்தாலும் அந்த மணியை டாக்டரு கொஞ்சம் ஓங்கி அடிச்சிருக்கலாம்டா."